வெயிலுக்கு மறைவில்லை

19ஆம் சங்கீதம் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. ஆலயங்களுக்கு ஞாயிறுதோறும் போய்ப் பழகியவர்களுக்குத் தெரிந்த காட்சி இது. கீர்த்தனை முடிந்து ஆர்மோனியம் அடங்கும். போதகர் ஐயா பிரசங்க பீடத்தில் ஏறி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடுவார். பேசப்போகிற பேச்சும் உள்ளே ஓடுகிற நினைப்பும் ஆண்டவருக்குப் பிடித்ததாக அமைய வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒரு சிறு ஜெபம். சபையார் ‘ஆமென்’ சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்வார்கள்.

அந்த ஜெபம் 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். ஆலயத்துக்கே போகாதவர்களும் அதைக் கேட்டிருக்கக்கூடும். 1978இல் போனி எம் குழு பாடி உலகெங்கும் ஒலித்த ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ பாட்டில், சிறைப்பட்டோர் புலம்பும் 137ஆம் சங்கீதத்தோடு இந்த வசனமும் சேர்ந்து வரும். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் செய்த சேர்க்கை அது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில்கூட அந்தத் தாளம் ஓடியிருக்கிறது.

ஆனால் கடைசி வசனத்துக்கு முந்தைய இரண்டு வசனங்களைப் பீடத்திலும் கேட்க முடிவதில்லை, மேடையிலும் கேட்க முடிவதில்லை. தன் பிழைகளைத் தானே கண்டுபிடிக்க யாரால் முடியும் என்று திகைத்து நிற்கிற வசனங்கள் அவை. பேச்சை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் விண்ணப்பம் அந்தத் திகைப்புக்குப் பிறகுதான் வருகிறது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் சொல்லும்போது, அது மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ‘ஹலோ, ஹலோ’ போல ஆகிவிடுகிறது.

சங்கீதம் சிறியது. தமிழ் வேதாகமத்தில் 14 வசனங்கள். தலைப்பையும் எண்ணுவதால் எபிரேயத்தில் 15. கிரேக்க, லத்தீன் வரிசையில் இதற்கு எண் 18. முதல் ஆறு வசனங்களில் வானமும் சூரியனும். அடுத்த ஐந்தில் வேதத்தின் புகழ். கடைசி மூன்றில் தன்னையே பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதன். இந்த மூன்றும் எப்படி ஒட்டும் என்பது பழைய கேள்வி. வேதாகம ஆய்வாளர்களில் பலர், இது தனித்தனியாக இருந்த இரண்டு பாடல்களின் தையல் என்றார்கள். அவர்கள் காட்டிய சான்றைத் தமிழ் வாசகரும் எளிதில் சரிபார்க்கலாம். முதல் பகுதியில் ‘தேவன்’ என்ற பொதுப்பெயர் ஒரே ஒரு முறை வருகிறது. ஏழாம் வசனத்தில் திடீரென்று ‘கர்த்தர்’ வந்துவிடுகிறார். மூன்று வசனங்களுக்குள் ஆறு முறை அந்தப் பெயர். கடைசி வசனத்தில் ஏழாவது முறை. எபிரேயத்தில் வரிகளின் நடையும் மாறுகிறது. முதல் பகுதியில் நீண்டு நடந்த வரி, இரண்டாம் பகுதியில் மூன்றடி வைத்து இரண்டடி வைக்கும் குறுநடையாகிவிடுகிறது.

தையல் இருக்கலாம். தைத்தவன் எந்த நூலால் தைத்தான் என்பதைப் பார்த்தால் கதை வேறாகிறது.

அதற்கு முன் வானத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கீதத்தின் வானம் ஓயாமல் பேசுகிறது. பகல் பகலுக்கும் இரவு இரவுக்கும் செய்தி கடத்துகின்றன. உடனேயே, சத்தம் என்று எதுவும் கிடையாது என்கிறான் கவிஞன். பேசுகிறது, ஆனால் ஒலியில்லை. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இந்த முரண் உறுத்தியிருக்க வேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் செருகி, வானத்தின் குரல் கேட்காத மொழியே இல்லை என்று பொருளைத் திருப்பிவிட்டது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அந்த வேலையைச் செய்யவில்லை. சத்தம் இல்லை என்பதை உள்ளபடி விட்டுவைத்தது. அதுவே கவிதைக்கு நல்லது. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அந்தச் சத்தமில்லாத பேச்சைப் பற்றி விளக்கம் தேவைப்படாது.

வானத்திலிருந்து சூரியனுக்கு வருகிறான் கவிஞன். மணவறையிலிருந்து வெளியே வரும் மாப்பிள்ளை. ஓட்டத்துக்குத் தயாராகித் துள்ளும் வீரன். இவ்வளவு மலர்ச்சியான சூரியன் வேதாகமத்தில் வேறெங்கும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே ஒன்று சொல்லப்பட்டுவிடுகிறது: சூரியனுக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்தவர் கடவுள். அதாவது சூரியன் குடியிருப்பது வாடகை வீட்டில்.

இதன் கூர்மையை உணர, அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்க்க வேண்டும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2.25 மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கல் அது. 1901-02இல் ஈரானின் சூசாவில் தோண்டி எடுத்தார்கள். அதன் உச்சியில் ஒரு சிற்பம். சூரியக் கடவுள் ஷமாஷ் அரியணையில் அமர்ந்திருக்கிறார். தோள்களிலிருந்து சுடர்கள் எழுகின்றன. எதிரே வாயருகே கை வைத்து ஹம்முராபி நிற்கிறான். சட்டம் பொறித்த கல்லின் தலையில் ஏன் சூரியன்? மெசொப்பொத்தாமிய மக்களுக்கு அது கேள்வியே அல்ல. எல்லாவற்றையும் பார்ப்பவன் சூரியன். பார்ப்பவன்தானே தீர்ப்புச் சொல்ல முடியும்? நினிவே நகரில் அசூர்பனிபாலின் நூலகத்திலிருந்து கிடைத்த சுமார் 200 வரித் துதிப்பாடல் ஒன்று, தராசில் கள்ளம் செய்யும் வியாபாரியையும் ஷமாஷ் விடமாட்டார் என்கிறது. எபிரேயத்தில் சூரியனுக்குப் பெயர் ‘ஷெமெஷ்’, அதே வேர். எருசலேமுக்கு மேற்கே ‘பெத்ஷிமேஸ்’ என்று ஓர் ஊர் உண்டு; பொருள், சூரியன் வீடு.

ஆகவே சூரியனைப் பாடிவிட்டுச் சட்டத்தைப் பாடுவது, அந்த மண்ணில் பிறந்தவனுக்கு விஷயம் தாவுவதாகவே இருந்திருக்காது. இந்தக் கவிஞன் செய்த புதுமை வேறு. சூரியனை நீதிபதி நாற்காலியிலிருந்து இறக்கி, ஓடுகிற வேலைக்காரனாக்கினான். நாற்காலியில் கர்த்தரின் வேதத்தை வைத்தான். கட்டளை தெளிவானது, கண்ணுக்கு ஒளி தருவது என்கிற இடத்தில் ‘பாரா’ என்ற சொல்லைப் போடுகிறான். உன்னதப்பாட்டில் சூரியனுக்குச் சொல்லப்படும் அடைமொழி அது. மாப்பிள்ளையிடமிருந்து கழற்றிய மாலையை வேதத்துக்குப் போட்டுவிட்டான்!

ஓடுகிற சூரியனால் பின்னாளில் வம்பும் வந்தது. 1615 மார்ச் மாதம், ரோமில் இருந்த பியெரோ டீனி என்ற குருவானவர் கலிலியோவுக்குக் கடிதம் எழுதினார். கோபர்னிக்கஸ் சொல்வதற்குத் தடையாகக் கர்தினால் பெல்லார்மின் எடுத்துக்காட்டும் வசனம், இந்தச் சங்கீதத்தின் ஓட்டக்கார வசனம்தான் என்று அதில் இருந்தது. வேதமே சூரியன் ஓடுகிறது என்கிறபோது, அதை நிறுத்திவைத்துப் பூமியை ஓட்டுவது எப்படி? அதே மாதம் 23ஆம் தேதி கலிலியோ பதில் எழுதினார். தொலைநோக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு, உரையாசிரியராக மாறி அந்தச் சங்கீதத்துக்குத் தன் விளக்கத்தைச் சொன்னார். அவர்கள் கையில் இருந்த லத்தீன் பாடத்தில் சூரியனுக்குக் கூடாரம் என்பது சூரியனில் கூடாரம் என்று திரும்பியிருந்தது. அதுவும் சேர்ந்து விளக்கத்தைச் சிக்கலாக்கியது. மணமகனையும் வீரனையும் உவமையாகச் சொன்ன ஒரு கவிஞனை வானியல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

இனி அந்தத் தையல் நூல்.

தமிழில் ஞாயிறு வேறு, வெயில் வேறு. ஞாயிறு வானத்தில் இருக்கும். வெயில் முற்றத்தில், திண்ணையில், உச்சந்தலையில் இருக்கும். ‘வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வா’ என்பார்கள். ஆறாம் வசனம் முடிவது இந்த வெயிலில்தான். எபிரேயத்தில் ‘ஹம்மா’; அதன் காந்தலுக்குத் தப்பி ஒளிந்திருப்பது எதுவும் இல்லை என்கிறான் கவிஞன். அங்கே அவன் ஆளும் சொல் ‘நிஸ்தார்’, மறைந்தது. ஆறு வசனம் தள்ளி, தன்னிடம் உள்ள பிழைகளைப் பேசும்போது அதே சொல்லைப் பன்மையில் கொண்டுவருகிறான்: ‘நிஸ்தாரோத்’, மறைந்தவை. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் ‘மறைவான’ என்பதையே காப்பாற்றியிருக்கிறது. ஒரே சொல்லின் இரு முனைகளுக்கு நடுவே வேதத்தின் புகழ் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சங்கீதங்களிலேயே தலைசிறந்தது இது என்று 1958இல் எழுதிய சி.எஸ். லூயிஸும், வெயிலுக்கு எதுவும் மறையாது என்ற இடத்தையே முழுப் பாடலுக்கும் திறவுகோல் என்றார்.

வெயில் மாதிரியே வேதமும் எல்லா இடத்திலும் விழுகிறது. விழட்டும். அது தன்மேல் விழும்போது மனிதன் என்ன செய்கிறான்? முதலில் ருசிக்கிறான். பொன்னைவிட விரும்பத்தக்கது, தேனைவிட இனியது என்கிறான். இந்தத் தேனைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பழைய ஏற்பாட்டில் தேன் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் பேரீச்சம்பழப் பாகுதான் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2007இல் யோர்தான் பள்ளத்தாக்கின் தெல் ரெஹோவில், எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அமிஹாய் மசார் குழுவினர் ஒரு தேனீப்பண்ணையையே கண்டெடுத்தார்கள். சுமார் 3,000 ஆண்டுப் பழமை. சுடாத களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து செய்த உருளைகள், நம் ஊர் நெற்குதிர்களைப் படுக்கப் போட்டதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையில் தேனீ போய்வரச் சிறு துளை. மறு முனையில் தேனடையை எடுக்கக் கழற்றி மாட்டும் களிமண் மூடி. சங்கீதக்காரன் அடையிலிருந்து சொட்டும் தேனையும் தனியாகக் குறிப்பிடுகிறான். பாகு சொட்டுவதற்கு அடை ஏது?

தேனின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே குரல் மாறிவிடுகிறது. இந்த வேதத்தால் தான் எச்சரிக்கப்படுகிறேன் என்று ஒரு வார்த்தை. உடனே அந்தத் திகைப்பு.

இங்கே ஒரு தவறான வாசிப்பை விலக்க வேண்டியிருக்கிறது. மறைவான பாவம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, ஊருக்குத் தெரியாமல் செய்தது: பூட்டிய அறை, கணக்கில் காட்டாத பணம், அழித்துவிட்ட குறுஞ்செய்தி. பல பிரசங்கங்கள் இந்தத் திசையில்தான் ஓடுகின்றன. கேட்பவர்களுக்கும் அதில் ஒரு கிளுகிளுப்பு உண்டு. சங்கீதக்காரன் அதைச் சொல்லவில்லை. ஊருக்கு மறைத்த பாவத்தைச் செய்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க யாரால் முடியும் என்று அவன் கேட்க வேண்டியதில்லை. இங்கே சொல்லப்படுவது செய்தவனுக்கே மறைந்திருப்பது. தெரிந்தே துணிந்து செய்வதை அடுத்த வசனம் தனியாக எடுத்துக்கொள்கிறது. தமிழ் வேதாகமம் அதற்குத் ‘துணிகரம்’ என்ற அருமையான சொல்லை வைத்திருக்கிறது.

இந்த இரண்டு வகையும் மோசேயின் சட்டத்திலேயே உண்டு. எண்ணாகமம் 15ஆம் அதிகாரம், அறியாமல் செய்தவனையும் கையோங்கித் துணிந்து செய்தவனையும் பிரிக்கிறது. லேவியராகமம் 4ஆம் அதிகாரம் அறியாப் பிழைக்கான பலிகளை வரிசைப்படுத்துகிறது. ஆசாரியன் செய்தால் ஒரு காளை. தலைவன் செய்தால் வெள்ளாட்டுக்கடா. சாதாரண ஆள் என்றால் பெண் ஆடு. நடுவில் ஒன்று வருகிறது: சபை முழுவதும் சேர்ந்து தவறு செய்து, அது தவறென்று சபையின் கண்ணுக்கே தெரியாமல் இருந்தால்? அதற்கும் ஒரு காளை. ஒரு சமூகமே கூடி, தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டே, குருடாக இருக்க முடியும் என்று அந்தப் பழைய சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. விலையையும் ஆசாரியனுக்குரிய விலையாகவே வைத்திருக்கிறது.

ஜான் நியூட்டனின் வாழ்க்கை அந்தக் காளைக்கு உரியது. 1725இல் லண்டனில் பிறந்த மாலுமி. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கப்பல் மூழ்கப்போன இரவில் கடவுளைக் கூப்பிட்டார், அன்றிலிருந்து விசுவாசி. கதை இத்தோடு முடிந்திருந்தால் சாட்சிக் கூட்டங்களுக்கு வசதியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் கேப்டன் ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை இருவேளை ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் சங்கிலியால் இணைத்துக் கிடத்தப்பட்ட ஆப்பிரிக்க மனிதர்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டவர்களின் கட்டைவிரலை இடுக்கித் திருகும் கருவியை அவர் பயன்படுத்தியது அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. வேதம் வாசிக்கிறவர், மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகிறவர். கடவுளோடு இனிமையாகக் கழிந்த நேரங்கள் என்று அந்தக் கடைசிப் பயணங்களைப் பிறகு நினைவுகூர்ந்தவர். தொழிலை விட்டதுகூட மனம் உறுத்தி அல்ல. திடீரென்று வலிப்பு வந்து உடம்பு ஒத்துழைக்காமல் போனதால்.

1764இல் அவர் குருப்பட்டம் பெற்றார். ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகம் அறிந்த பாட்டை 1773 புத்தாண்டு நாளில் ஓல்னி சபையாருக்குக் கொடுத்தார். குருடனுக்குப் பார்வை வந்ததைப் பாடுகிற பாட்டு. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் அச்சில் வாய் திறந்ததோ 1788இல், இன்னும் 15 ஆண்டு கழித்து. பார்வை வந்துவிட்டது என்று பாடியபோதும் கண்ணின் ஒரு பாதி திறக்கவில்லை. தன்னைக் குருடாக்கியவை வழக்கமும் ஊரார் நடப்பும் ஆதாயமும்தான் என்று நியூட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அரசின் விசாரணைக் குழுமுன் போய்த் தான் கண்டதையும் செய்ததையும் சாட்சியாகச் சொன்னார். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. டிசம்பரில் அவர் இறந்தார்.

அதே 1788இல்தான் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டின் நூல் ஒன்றும் வெளிவந்தது. மேலே விண்மீன் நிறைந்த வானம், உள்ளே அறநெறி, இவ்விரண்டும் தன்னை வியக்கவைக்கின்றன என்ற அதன் முடிவுரை பெரும்புகழ் பெற்றது. அவருடைய ஊரில் கல்வெட்டாகவும் நிற்கிறது. வானமும் சட்டமும்: சங்கீதத்தின் முதலிரண்டு பகுதிகள் அப்படியே. மூன்றாம் பகுதிதான் அந்த வாக்கியத்தில் இல்லை. 1764இல் ஆப்பிரிக்கரை இழிவுபடுத்திய பக்கங்களையும் அதே கைதான் எழுதியது.

தஞ்சாவூர்க் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜி மன்னரோடு நட்புப் பூண்டவர். தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகள் பல அவருடையவை. 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், சிருஷ்டியைப் பாடும்போது புதிய வானசாஸ்திரத்தையும் பூகோளத்தையும் தமிழ்ச் சந்தத்தில் இறக்கிவைத்தார். வானத்தையும் வேதத்தையும் அவரளவு ரசித்த தமிழர் அந்தக் காலத்தில் அரிது.

அன்றைய தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட சாதியார் மறுபக்கம் அமர்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்தில் முதலில் வாய் வைப்பவர் யார் என்பதற்கும் முறை இருந்தது. முந்தைய தலைமுறை மிஷனரிகள் அதைக் கண்டும் விட்டுவைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் கலந்து உட்காரச் சொன்னபோது, சாஸ்திரியார் 1829இல் எதிர்த்து எழுதினார். அந்த எழுத்தில் நியாயமான புகார்களும் இருந்தன. ஆலயத்தில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள், விழாக்களில் பூவைத் தடுக்கிறார்கள், பழகிய வேத வசனங்களை மாற்றுகிறார்கள் என்றார். வெள்ளைக்கார மிஷனரிகளின் அதிகாரத் திமிரும் பொய்யல்ல. ஆனால் அதே பட்டியலில், அதே சூட்டோடு, சாதிகளைச் சேர்த்து உட்காரவைப்பதும் ஒரு கொடுமையாக எண்ணப்பட்டிருந்தது. பூவுக்கும் பாட்டுக்கும் நடுவில் அது ஒளிந்துகொண்டது. பாரம்பரியம் என்ற ஒரே துணியில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டால், எது மல்லிகை எது முள் என்று சுற்றியவருக்கே தெரியாது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். எழுந்து போனவர்கள் வேதம் தெரியாதவர்கள் அல்ல. பலருக்குச் சங்கீதங்கள் மனப்பாடமாக இருந்திருக்கும். சாதிக்கொரு பகுதியாகச் சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் சுவரின் இரு பக்கமும் ஒரே வெயில்தான் காய்கிறது.

சங்கீதத்தின் தலைப்பு தாவீதின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அடுத்தவன் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்ல, அவனைக் கொல்ல வேண்டும் என்று கொதித்த ராஜா அவர். அந்தப் பணக்காரன் நீர்தான் என்று நாத்தான் விரல் நீட்டும்வரை, கதை யாரைப் பற்றியது என்று அவருக்குப் பிடிபடவில்லை. யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது. நியூட்டனுக்கும் குவேக்கர் சபையாரும் அடிமை வியாபார ஒழிப்புப் போராளிகளும் நாடெங்கும் பேசத் தொடங்கிய பிறகே வாய் திறந்தது.

பீடத்துக் குறுஞ்ஜெபமாக மாறிப்போன அந்தக் கடைசி வசனத்துக்கு யூதர்களிடம் வேறொரு இடம் உண்டு. நாளுக்கு மூன்று வேளை நின்றபடி சொல்லும் ‘அமீதா’ ஜெபத்தின் முடிவில் அது வரும். பேச ஆரம்பிக்கும் முன் சொல்வதில்லை. பேசி முடித்த பிறகு, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொல்வார்கள். சொல்லிவிட்டு, ராஜாவின் சமுகத்திலிருந்து விலகுபவரைப் போல, முகத்தைத் திருப்பாமல் மூன்று அடி பின்னால் வைப்பார்கள்.